கோப்பில் இல்லாத கடிதம்

அந்தக் கதிரைக்கு ஒரு கால் குட்டை. நான் மூச்சை இழுத்து விட்டாலே 'டக்' என்று ஒரு பக்கம் சாயும்.

புத்தளம் நகரில் ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் எங்கள் தொண்டு நிறுவனத்தின் அலுவலகம் இருந்தது. அன்று அதன் நடையில் மூன்று கதிரைகள் போட்டிருந்தார்கள். ஒன்றில் கொழும்பிலிருந்து வந்த ஒரு தம்பி, கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு, தொலைபேசியில் யாரோடோ ஆங்கிலத்தில் சிரித்துச் சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்தார். நடுவில் குட்டைக் கால் கதிரையில் நான். என் மறுபக்கம் நிர்மலா.

மூன்று பேரும் ஒரே பதவிக்கு வந்திருந்தோம். மாவட்ட இணைப்பாளர்.

"ஆடாதடி. எனக்குத் தல சுத்துது" என்றாள் நிர்மலா.

"நான் ஆடல்ல. கதிரதான் ஆடுது."

"கதிர ஆடல்ல. ஒன்ட தொட ஆடுது."

குனிந்து பார்த்தேன். உண்மைதான். அபாயாவுக்குள் என் வலது கால் தையல் மெஷின் மிதிப்பதுபோல அடித்துக்கொண்டிருந்தது. கீழே வீதியில் பாண்காரரின் முச்சக்கரவண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு போனது. மாடிப்படி வழியாக மருந்து நெடி ஏறி வந்தது. காலையில் உம்மா கட்டாயப்படுத்தி ஊட்டிய இரண்டு துண்டுப் பாணும் நெஞ்சிலேயே நின்றன.

உம்மாவிடம் ஒரு வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். இந்த முறை கிடைக்காவிட்டால் இந்த வேலையையே விட்டுவிடுகிறேன், மாமாவின் புடவைக்கடையில் காசாளராகப் போய் உட்கார்ந்துவிடுகிறேன் என்று. மாமாவும் கதிரை தயாராக வைத்திருந்தார். அந்தக் கதிரைக்கு நாலு காலும் சமம் என்று நினைக்கிறேன்.

ஏழு சான்றிதழ்

இந்தத் தொடரின் இரண்டு கிழமைக்கு முந்திய அத்தியாயத்தைப் படித்துவிட்டு மூதூரிலிருந்து ஒரு தங்கை எழுதியிருந்தார். "ராத்தா, தொண்டு நிறுவன வேலைக்குச் சேர்ந்து நாலு வருடமாகிறது. நல்ல வேலைக்காரி என்று எல்லாரும் சொல்கிறார்கள். ஆனால் இருந்த இடத்திலேயே இருக்கிறேன். மேலே போக என்ன வழி?" என்று கேட்டிருந்தார்.

தங்கைக்கு நான் ஒழுங்கான பதில் எழுதவில்லை. என் கதையை எழுதுகிறேன். அதற்குள் பதில் இருந்தால் எடுத்துக்கொள்ளட்டும்.

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் சும்மா இருந்த காலத்தில், மூன்று மாதக் கணக்கெடுப்புக்கு ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார்கள். போனேன். மூன்று மாதம் முடிந்ததும் கேக் வெட்டினார்கள், சான்றிதழ் தந்தார்கள், பெனருக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்தார்கள். நான் அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தேன். அடுத்த மாதம் புதுத் திட்டம் வந்தது. மறுபடி கூப்பிட்டார்கள். அதே மேசை, அதே ஸ்கூட்டி, அதே ஊர்கள். ஆனால் நியமனக் கடிதம் மட்டும் புதுசு. நான் புதிதாகச் சேர்ந்தவள் என்றும், ஆறு மாதம் தகுதிகாண் காலம் என்றும் அதில் எழுதியிருக்கும்.

இந்தத் துறையில் இருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். திட்டம் முடியும், கேக் வெட்டப்படும், நாம் மறுபடி ஒன்றாம் வகுப்பில் சேருவோம். ஏழு வருடத்தில் என்னிடம் ஏழு சான்றிதழ் சேர்ந்துவிட்டன. உம்மா அவற்றை அலுமாரியின் மேல்தட்டில், புதுச் சேலைகளுக்குக் கீழே பத்திரமாக வைத்திருந்தார். சேலை மடிப்புக் கலையாமல் இருக்க அவை நன்றாக உதவின.

அந்த ஏழு வருடத்தில் மூன்று இணைப்பாளர்கள் வந்து போனார்கள். எல்லாரும் கொழும்புப் பக்கம். நல்லவர்கள்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் எந்த ஊரில் முதலில் பள்ளிவாசல் தலைவரைப் பார்க்க வேண்டும், எந்த ஊரில் பார்த்தால் பெண்கள் கூட்டம் கெட்டுப்போகும், காலை பத்து மணிக்குக் கூட்டம் வைத்தால் கடற்கரையில் ஏன் ஒருத்தியும் வரமாட்டாள், எந்த வீட்டு நாய் கடிக்கும் என்பதெல்லாம் நான்தான் சொல்லிக் கொடுத்தேன். ஆறு மாதத்தில் அதையே எனக்குத் திருப்பிச் சொல்லித் தருவார்கள். நானும் புதுசாகக் கேட்பதுபோலத் தலையாட்டுவேன்.

எரிச்சல் வராமல் இருக்குமா? வந்தது. வீட்டில் சட்டி பானையோடு சண்டை பிடித்தேன். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். அந்தப் பதவி எனக்கு இல்லை என்று யாரும் சொல்லவில்லை. இரண்டு முறை விளம்பரம் வந்தது. இரண்டு முறையும் நான் விண்ணப்பிக்கவே இல்லை. 'பட்டம் விரும்பத்தக்கது' என்ற ஒரு வரியைப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிட்டேன். நல்ல பிள்ளையாக ஒரு மூலையில் இருந்தால், ஒருநாள் யாராவது வந்து கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவார்கள் என்று நினைத்திருந்தேன். யார் வருவார்? அவரவருக்கு ஆயிரம் வேலை.

முன்பள்ளிக் கதிரைகள்

மூன்றாம் முறை விளம்பரம் வந்தபோது அதைக் கிழித்துக்கொண்டு என்னிடம் வந்தவள் நிர்மலா. அவள் முந்தல் பக்கம் கள உத்தியோகத்தர், நான் கற்பிட்டிப் பக்கம். இருவரும் ஒரே வருடம் சேர்ந்தவர்கள்.

"நான் போடப் போறன். நீயும் போடு" என்றாள்.

"இருக்கிறது ஒரு இடம். ரெண்டு பேரும் எப்படிடி?"

"ரெண்டு பேரும் ஏழு வருசமா ஒரே கதவுலதான் முட்டுறம். யாருக்குத் திறந்தா என்ன, திறக்கட்டுமே."

அப்படித்தான் எங்கள் சனிக்கிழமைப் பள்ளிக்கூடம் தொடங்கியது. குறிஞ்சிப்பிட்டியில் எங்கள் திட்டத்தால் கட்டிய முன்பள்ளி ஒன்று இருந்தது. சனிக்கிழமை அது பூட்டிக் கிடக்கும். நிர்மலா பஸ் எடுத்து வருவாள். உள்ளே எல்லாம் நாலு வயதுப் பிள்ளைகளின் பிளாஸ்டிக் கதிரைகள். அதில் உட்கார்ந்தால் முழங்கால் நாடியை இடிக்கும். அப்படி உட்கார்ந்துகொண்டு, சுவரில் ஆனையும் ஆட்டுக்குட்டியும் எங்களைப் பார்த்துக்கொண்டிருக்க, ஒருத்தி மற்றவளை நேர்முகத் தேர்வு எடுப்போம். அவளுக்கு ஆங்கிலம் நல்லம், எனக்குச் சிங்களம் நல்லம். அறிக்கை எழுதுவதில் நான் கெட்டிக்காரி, ஆட்கள் முன்னால் நின்று பேசுவதில் அவள். ஒருத்தியிடம் இருந்ததை மற்றவள் கறந்தாள்.

தன்விபரக் கோவை எழுதும்போதுதான் சிக்கினோம். இரண்டு பேரும் ஒரு மணித்தியாலம் பேனையைக் கடித்துக்கொண்டு இருந்தோம். என் தாளில் பெயர், முகவரி, 'கூட்டங்கள் ஒழுங்குபடுத்துதல்' என்ற மூன்று விஷயம் மட்டும் இருந்தன. நிர்மலாவின் தாளில் அதுவும் இல்லை. தன்னைப் பற்றித் தான் எழுத எங்கள் ஊர்ப் பெண்களுக்குக் கை கூசும். பெருமை பேசுகிறாள் என்று சொல்லிவிடுவார்களே என்று, யாரும் இல்லாத அறையிலும் பயம்.

கடைசியில் நிர்மலா தாளைப் பறித்தாள். "ஒன்ட நான் எழுதுறன். என்ட நீ எழுது."

அடேயப்பா! பேனைகள் பறந்தன. முந்தல் களப்பில் இறால் பண்ணைக்காரர்களும் மீனவர்களும் தண்ணீருக்காக அடிபட நின்றபோது, இரு பக்கத்தையும் ஒரே பாயில் இருத்திச் சோறு தின்ன வைத்தவள் அவள் என்று நான் எழுதினேன். மூன்று ஊரில் ஆறு வருடமாகப் பெண்கள் கூட்டத்தைச் சண்டையில்லாமல் நடத்தியவள் நான் என்று அவள் எழுதினாள். 'சண்டையில்லாமல்' என்பது பச்சைப் பொய் என்று வெட்டச் சொன்னேன். 'சண்டையைத் தீர்த்து' என்று மாற்றினாள். மூதூர்த் தங்கைக்கு நான் சொல்லக்கூடிய ஒரே புத்திமதி இதுதான். உங்கள் வேலையைக் கண்ணால் கண்ட ஒரு சிநேகிதியிடம் பேனையைக் கொடுங்கள்.

ஒன்றே ஒன்றை மட்டும் அவளும் எழுதவில்லை, நானும் எழுதச் சொல்லவில்லை. என் கோப்பில் ஓர் எச்சரிக்கைக் கடிதம் இருந்தது.

"அத நீயா எடுத்துக் கதைக்காத" என்றாள் நிர்மலா. "பிழை என்ன செஞ்சீங்க என்டு கேப்பாங்க. எல்லா இன்டர்வியூலயும் கேக்குறதுதான். வேலையில அளவுக்கு மேல மூழ்கிப் போறன், வீட்ட கவனிக்கிறதில்ல என்டு சொல்லு. தலையாட்டிட்டு விட்டுடுவாங்க."

பத்துச் சனிக்கிழமை அந்தப் பதிலைப் பாடமாக்கினேன்.

பதினொரு பெயர்

அந்தக் கடிதம் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

நான் புத்தளத்தில் முகாமில் பிறந்தவள். தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த குடும்பம் எங்களுடையது. ஓலைக் கொட்டில்கள் கல்வீடாகி எத்தனையோ காலம் போய்விட்டது. ஆனாலும் இந்தப் பகுதியில் அப்படிப்பட்ட ஊர்களை இன்னும் 'முகாம்' என்றுதான் சொல்வார்கள். வந்தவர்களில் கனபேர் வாக்காளர் பதிவை மன்னாரிலேயே வைத்துக்கொண்டார்கள். பதிவை எடுத்துவிட்டால் காணியும் உரிமையும் போய்விடுமோ என்ற பயம். பதிவு மன்னாரில், அடுப்பு புத்தளத்தில்.

கற்பிட்டி வீதியில் ஒரு கடற்கரை ஊரில் கருவாடு போடும் பெண்களுக்கு உதவும் திட்டம் வந்தது. மணலில் தென்னோலைக் கிடுகு விரித்து மீன் காயவைப்பவர்களுக்கு, இடுப்பளவு உயரத்தில் வலை விரித்த மேடை கட்டிக் கொடுக்க வேண்டும். மேடையில் காய்ந்தால் மண் ஒட்டாது, நாய் வாய் வைக்காது, நல்ல விலை போகும். 'கிராமத்தின் நிரந்தர வதிவாளர்கள்' என்று நிபந்தனை. பட்டியல் எடுக்க என்னை அனுப்பினார்கள்.

அந்த ஊரில் பாதி, காலங்காலமாக இருக்கும் புத்தளத்துக் குடும்பங்கள். பாதி, எங்களைப்போல வந்தவர்கள். நான் ஊருக்குள் கால் வைத்த அன்றே, "முகாம்காரப் புள்ள வந்திரிக்கி. எல்லா மேடையும் இனி முகாமுக்குத்தான்" என்று யாரோ சொன்னது என் காதில் விழுந்துவிட்டது. அவ்வளவுதான். எனக்குச் சுருக்கென்றது. என்னைப் பார்த்து ஒருத்தரும் அப்படிச் சொல்லக் கூடாது என்று நினைத்தேன். 'நிரந்தர வதிவாளர்' என்றால் இங்கே வாக்காளர் பதிவு உள்ளவர் என்று நானே ஒரு விளக்கம் வைத்தேன். பதிவு மன்னாரில் இருந்த பதினொரு பெண்களின் பெயரையும் வெட்டினேன். என் சனம் பதினொரு பேரையும் நான், என் கையால், பச்சை மையால் வெட்டினேன். எவ்வளவு நேர்மை பாருங்கள் என்று எனக்குள் ஒரு மிதப்பு வேறு.

அப்போது இணைப்பாளராக இருந்தவர் ரவீந்திரன் சேர். பட்டியலில் கையொப்பமிட்டுத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினார். நான் ஒரு பிரதியை அந்த ஊர் முன்பள்ளிச் சுவரில் ஒட்டினேன்.

மறுநாள் றம்ஸியா ராத்தா என்னை வழிமறித்தார். வெட்டப்பட்டவர்களில் அவர் ஒருத்தர். அந்தக் கரையில் அவருடைய கருவாட்டுக்குத் தனி மவுசு. கையெல்லாம் உப்பு வெடிப்பு. சத்தம் போடவில்லை.

"புள்ள, எங்கள வெட்டித்தான் ஒனக்கு நல்ல பேரு எடுக்கணுமா?" என்றார்.

நேரே வீட்டுக்கு வந்து உம்மாவிடம் பொரிந்து தள்ளினேன். நான் சட்டப்படிதான் செய்தேன், என்னைப் போய் இப்படிக் கேட்கிறார்களே என்று. உம்மா அரிசி கழுவிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"என்ட பதிவும் மன்னாரிலதான் மவள். என்ட பேரையும் வெட்டியிருப்பாயா?"

வெட்கம் என்றால் என்ன என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. நான் நேர்மைக்காக வெட்டவில்லை. பயத்துக்கு வெட்டினேன்.

அடுத்த நாள் காலை பதினொரு வீட்டுக்கும் போனேன். உள்ளே வா என்று நாலு வீட்டில் சொன்னார்கள். மற்ற வீடுகளில் வாசலிலேயே நின்று சொன்னேன், "பிழை என்னில. திருத்திட்டு வாறன்" என்று. ஒரு வீட்டில் கதவு திறக்கவே இல்லை. மூடிய கதவுக்கும் சொல்லிவிட்டு வந்தேன். பிறகு இரு பக்கத்துப் பெண்களையும் கூட்டி நடந்ததைச் சொன்னேன். அடிதான் விழும் என்று நினைத்தேன். பழைய குடும்பத்துப் பெண்களின் தலைவி சுலைஹா மாமி எழும்பினார்.

"மீன் எந்த ஊரில பதிஞ்சிரிக்கி என்டு கேட்டா நாங்க காயப்போடுறோம்? ஆறு மாசம் இந்தக் கரையில மீன் போட்டவ யாரென்டு எனக்குத் தெரியும். எழுது புள்ள, நான் சொல்றன்."

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். பதினொரு பெயரும் திரும்பி வந்தன. கூடவே நான் கேள்விப்பட்டே இராத இரண்டு பெயர்களையும் மாமி சேர்த்தார். எல்லாருக்கும் மேடை கிடைத்தது.

ஆனால் அனுப்பிய பட்டியலைத் திரும்ப அழைக்க, பிழை என்னுடையது என்று எழுத்தில் கொடுக்க வேண்டியிருந்தது. கொடுத்தேன். ரவீந்திரன் சேர் கொதித்துப்போனார். 'கவனயீனம்' என்று தலைப்புப் போட்டு எச்சரிக்கைக் கடிதம் ஒன்றை என் கையில் தந்தார். பிரதி கோப்புக்கு என்று அடியில் எழுதியிருந்தது.

உள்ளே

இனி அந்த ஆடும் கதிரைக்கு வருகிறேன்.

நிர்மலா முதலில் போய் வந்துவிட்டாள். வெளியே வந்ததும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். பிறகு என் பெயரைக் கூப்பிட்டார்கள். பிஸ்மில்லாஹ் சொல்லிக்கொண்டு போனேன்.

மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் கொழும்பிலிருந்து வந்த பணிப்பாளர். சிங்களப் பெண்மணி, மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்தார். ஒரு பக்கம் குறிப்பெழுத ஓர் உத்தியோகத்தர். மறுபக்கம் ரவீந்திரன் சேர். வேறு வேலை கிடைத்து அவர் போகப்போகிறார், அவருடைய இடத்துக்குத்தான் இந்தத் தேர்வே. மேசையில் தடித்த மண்ணிறக் கோப்பு. அதன்மேல் அவர் கை வைத்திருந்தார்.

ஆங்கிலத்தில் என்னை அறிமுகப்படுத்தினேன். பாடமாக்கியது, தட்டாமல் வந்தது. திட்டம் ஒன்று தாமதமானால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். சொன்னேன். நன்றாகத்தான் போனது. கால்கூட ஆடவில்லை.

அப்போது பணிப்பாளர் கோப்பைத் தன் பக்கம் இழுத்தார். கண்ணாடியை மாட்டினார். "இந்த ஏழு வருடத்தில் நீங்கள் செய்த பெரிய பிழை என்ன?" என்று கேட்டார்.

பத்துச் சனிக்கிழமைப் பதில் நாக்கு நுனியில் நின்றது. ஆனால் கண் கோப்பில் நின்றது. நான் வேலையில் மூழ்கிப்போகிறேன் என்று சொல்ல, இந்த அம்மா அந்தக் கடிதத்தை உருவி எடுத்து முன்னால் வைத்தால் என்ன செய்வது? கெட்டிக்காரி வேஷம் போட வந்து பொய்க்காரியாகப் போவேன். ரவீந்திரன் சேரைப் பார்த்தேன். அவர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சரி, வாறது வரட்டும் என்று தொடங்கினேன்.

ஆங்கிலத்தில் இரண்டு வசனம் போனது. மூன்றாவதில் மாட்டிக்கொண்டேன். பதிவு மன்னாரில், அடுப்பு புத்தளத்தில் என்பதை நான் எந்த ஆங்கிலத்தில் சொல்வது? பணிப்பாளர் பேனையை வைத்தார்.

"சிங்களத்தில் சொல்லுங்கள்" என்றார். "ஹெமின் ஹெமின், நங்கி." மெல்ல மெல்ல, தங்கை.

அந்த 'நங்கி' போதுமாக இருந்தது. மடை திறந்ததுபோலக் கொட்டினேன். பச்சை மை, பதினொரு வீடு, மூடிய கதவு, உம்மாவின் அரிசி, சுலைஹா மாமியின் மீன். நேர்மைக்கு வெட்டினேன் என்று நினைத்தது பயத்துக்கு வெட்டியது என்பதையும் சொன்னேன். கடைசியில், "அதற்குத்தான் அந்தக் கடிதம். அது உங்களிடம் இருக்கும்" என்று முடித்தேன்.

பணிப்பாளர் கோப்பைப் புரட்டினார். முன்னிருந்து பின்னுக்கு ஒரு முறை. பின்னிருந்து முன்னுக்கு ஒரு முறை.

"இதில் அப்படி ஒரு கடிதமும் இல்லையே" என்றார்.

யா அல்லாஹ்! கேட்காத கிணற்றை நானே தோண்டி நானே குதித்திருக்கிறேன். புடவைக்கடையின் காசு மேசை கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

"கடிதம் எழுதியது நான்தான்" என்றார் ரவீந்திரன் சேர். "கோபத்தில் எழுதிக் கையில் கொடுத்தேன். ஆனால் கோப்பில் போடவில்லை. போட மனம் வரவில்லை. அந்தப் பட்டியலில் என் கையொப்பமும் இருந்தது மேடம். நான் வாசிக்காமல்தான் கையொப்பம் வைத்தேன். அதை இவர் யாரிடமும் சொல்லவில்லை. இப்போதும் சொல்லவில்லை."

குறிப்பெழுதிக்கொண்டிருந்த உத்தியோகத்தர் எழுதுவதை விட்டுவிட்டார்.

பணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றினார். "பதிவில் இல்லாத விஷயம். வேண்டுமென்றால் இந்தப் பதிலை எடுத்துவிடலாம். வேறு உதாரணம் சொல்கிறீர்களா?" என்று கேட்டார்.

நல்ல மனிசி. வாசலைத் திறந்து விட்டார். நான்தான் போகவில்லை.

"வேண்டாம் மேடம்" என்றேன். "அந்தப் பதினொரு வாசலில் நின்றபோதுதான் இந்த வேலை என்னவென்று எனக்குத் தெரிந்தது. அதை எடுத்துவிட்டால் என் கோப்பில் ஒன்றுமே மிஞ்சாது."

அவர் கோப்பை மூடினார். இணைப்பாளரானால் முதலில் எதை மாற்றுவீர்கள் என்று கடைசியாகக் கேட்டார். எந்தப் பட்டியலையும் அனுப்புவதற்கு முதல் அந்த ஊரிலேயே சத்தமாக வாசித்துக் காட்டுவேன் என்றேன். அறிக்கையை எழுதிய கள உத்தியோகத்தரின் பெயரை அறிக்கையிலேயே போடுவேன் என்றேன். இரண்டாவதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. உயரட்டும்.

பின்னேரம் ஐந்து மணிக்கு முதல் தொலைபேசியில் முடிவு சொல்வோம் என்று அனுப்பினார்கள்.

வெளியே வந்து நிர்மலாவிடம் ஒப்பித்தேன். அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"பத்து சனிக்கிழம! பஸ்ஸில தொங்கிக்கொண்டு வந்து சொல்லித் தந்தனேடி! கேட்டாங்களா அந்தக் கடிதத்தப் பத்தி?"

"இல்ல."

"கோப்பில இருந்ததா?"

"இல்ல."

"பிறகு?"

"பிறகு என்ன, சொல்லிட்டன்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கழுத்துப்பட்டித் தம்பி எழும்பி உள்ளே போனார். நிர்மலா என் கையைப் பிடித்து இழுத்தாள். "வா, அம்மா இறால் கறி ஆக்கி வெச்சிருக்கா. தோத்தாலும் தின்னத்தானே வேணும்."

முந்தலில் அஸர்

முந்தலுக்குப் பஸ் எடுத்தோம். அவள் வீட்டில் இறால் கறியும் சோறும் சாப்பிட்டோம். எனக்கு ருசி தெரியவில்லை. தொலைபேசியை மேசையில் வைத்து, இருவரும் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

அஸர் தொழுகை நேரம் வந்தது. நான் வரும்போதெல்லாம் நிர்மலாவின் அம்மா செய்வதுதான், சாமிப்படம் இல்லாத அறையைக் கூட்டி, துவைத்த படுக்கை விரிப்பு ஒன்றை விரித்துத் தந்தார். தக்பீர் கட்டித் தொழத் தொடங்கினேன்.

இரண்டாவது ரக்அத்தில் தொலைபேசி அடித்தது.

என்னுடையதுதான். தொழுகையை முறிக்கக் கூடாது. பற்களைக் கடித்துக்கொண்டு நின்றேன். வெளியே நிர்மலாவின் குரல் கேட்டது. "ஹலோ... ஓம் மேடம்... இல்ல மேடம், நான் நிர்மலா... அவ தொழுறா மேடம்..." பிறகு நீண்ட நேரம் சத்தமே இல்லை. பிறகு, "சரி மேடம்... ஓம்... தேங்க்யூ மேடம்."

மீதி ரக்அத்துகளை எப்படித் தொழுதேன் என்று என்னைக் கேட்காதீர்கள். அல்லாஹ் மன்னிக்கட்டும். சுஜூதில் நெற்றி விரிப்பில் இருந்தது, காது முழுக்க வாசலில் இருந்தது. அவள் நன்றி சொன்னாளே, அப்படியென்றால் அவளுக்கோ? அவளுக்கென்றால் நான் சந்தோஷப்பட வேண்டும். படுவேனா? படுவேன். கொஞ்சம் அழுதுவிட்டுப் படுவேன். வலப்பக்கம் ஸலாம் கொடுத்தேன். இடப்பக்கம் திரும்பினேன். வாசலில் தொலைபேசியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நிர்மலா நின்றிருந்தாள். கண் சிவந்திருந்தது.

"என்னவாம்?" என்றேன்.

"முதல்ல எனக்குச் சொன்னாங்க. நல்லாச் செஞ்சன், ஆனா இந்த முறை இல்லையாம்" என்றாள். மூக்கை உறிஞ்சினாள். "பிறகு, புது இணைப்பாளர் தொழுது முடிஞ்சதும் எடுக்கச் சொன்னாங்க."

எனக்கு விளங்க ஒரு கணம் எடுத்தது. விளங்கியதும் விரிப்பிலேயே மறுபடி விழுந்து ஸஜ்தாச் செய்தேன். அவள் வந்து பக்கத்தில் தரையில் இருந்து என் முதுகில் கையை வைத்தாள். இருவரும் அழுதோம். அவள் அழுகையில் பாதி எனக்காக, பாதி தனக்காக என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். இரண்டு வருடம் கழித்துச் சிலாபத்தில் இன்னொரு நிறுவனத்தில் அவளும் இணைப்பாளரானாள். ஆனால் அன்று அந்தத் தரையில் இருந்தபோது அது எங்கள் இருவருக்கும் தெரியாதே.

அவள்தான் முதலில் கண்ணைத் துடைத்தாள். எழும்பி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"இந்தா பாரு. நாளையிலிருந்து நீ எனக்குப் பெரியாள். நீ சொன்னா நான் கேக்கணும். இண்டைக்கு ஒரு நாள் நான்தான் பெரியாள். எழும்பு. போய் எல்லாருக்கும் தேத்தண்ணி ஊத்து."

போனேன். அவள் வீட்டு அடுப்படியில், கேத்தலைக் கையில் பிடித்துக்கொண்டு, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றேன். நிலமெல்லாம் சீனி கொட்டியது.

"சாயம் கூடப் போட்டு, சீனியும் கூடப் போட்டு!" என்று முன்னறையிலிருந்து கத்தினாள் நிர்மலா. "கெதியாக் கொண்டு வாங்க, இணைப்பாளர் அம்மா!"